ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 26. ஓசூர் சிப்காட்டில் மின்னணுப் பொருள் தயாரிக்கும் ஆலையில் ஏஜென்சி மூலமாக மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 16,500 ரூபாய், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பிடிக்கிறார்கள். இப்போது நான்கு மாதக் கர்ப்பம், முதல் குழந்தை. ஷிப்ட் முழுவதும் லைனில் நின்றபடிதான் வேலை. விஷயத்தைச் சொன்னதும், "ரிசைன் லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போம்மா, குழந்தை பிறந்த பிறகு புதிதாகச் சேர்ந்துகொள்ளலாம்" என்று சூப்பர்வைசர் சொல்கிறார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மகப்பேறு விடுப்பு கிடையாது என்று எச்.ஆர். சொல்கிறார். வேலையே வேண்டாம் என்கிறார் என் அத்தை (மாமியார்). கணவர் தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறார். "உன் இஷ்டம்" என்கிறார். மகளிர் குழுவில் வாங்கிய கடன் வேறு இருக்கிறது. விடுப்பே கிடைத்தாலும் ஆறு மாதக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது? நான் என்ன செய்ய வேண்டும், மேடம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் இன்றே விடை தெரிந்தாக வேண்டும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்களே தட்டச்சு செய்து நீட்டும் தாளிலும், எதுவும் எழுதாத வெள்ளைத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். "இப்போதைக்கு ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தான்" என்று எவ்வளவு இதமாகச் சொன்னாலும் சரி, "யோசித்துச் சொல்கிறேன் சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அவர்கள் உங்களை வேலையிலிருந்து நீக்காமல், நீங்களே விலகுவதாக ஏன் எழுதிக் கேட்கிறார்கள் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்த விடுப்பைக் காரணம் காட்டிப் பணிநீக்கம் செய்வது சட்டவிரோதம். கர்ப்ப காலத்தில் எப்போது நீக்கினாலும், நீக்காதிருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய மகப்பேற்றுப் பயன் பறிபோகாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம் சொன்ன இந்தப் பாதுகாப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆக, நிர்வாகம் உங்களை நீக்கினால் சட்டம் குறுக்கே வரும். நீங்களே "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அதே சட்டத்துக்குப் பிடிமானம் ஏதும் இல்லாமல் போய்விடும். கட்டாயத்தின் பேரில் எழுதியது என்று பின்னர் நிரூபிக்கலாம்தான்; ஆனால் கைக்குழந்தையோடு அலையும் காலத்தில் அந்த நிரூபணச் சுமை உங்கள் தலையில் விழும். இத்தகைய வழக்குகளில் என்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலோர் கையெழுத்திட்ட பிறகே வருகிறார்கள். நீங்கள் அதற்கு முன்பே எழுதியிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

"குழந்தை பிறந்த பிறகு புதிதாகச் சேரலாம்" என்ற வாக்கில் உள்ள "புதிதாக" என்பதன் விலையையும் கணக்கிட்டுப் பாருங்கள். இதுவரை நீங்கள் உழைத்த மூன்று ஆண்டுகள் தொடர்பணிக் கணக்கிலிருந்து அழிந்துவிடும். பணிக்கொடை (கிராஜுவிட்டி) தொடர்ச்சியான பணியைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. 26 வார மகப்பேறு விடுப்பு அந்தத் தொடர்ச்சிக்குள் அடங்கும், ராஜினாமா அடங்காது. வேலையை விட்டவர்கள் கைச்செலவுக்காகப் பி.எஃப். பணத்தையும் எடுத்துவிடுவது நம் பகுதியில் வழக்கம். அப்படி எடுத்தால், ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டுக் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மேலும், திரும்ப வரும்போது அதே இடம் காத்திருக்கும் என்பதற்கு அந்தச் சூப்பர்வைசர் எழுதித் தரப்போவதில்லை.

அடுத்து, எச்.ஆர். சொன்னது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு மகப்பேறு விடுப்பு இல்லை என்பது தவறு. டெல்லி மாநகராட்சியில் தினக்கூலியாக மண் சுமந்த பெண்களுக்கும் மகப்பேற்றுப் பயன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000 மார்ச் மாதத்திலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஒப்பந்தக் காலம் விடுப்பின் நடுவே முடிந்துபோனாலும் பயன் முழுக் காலத்துக்கும் வழங்கப்பட வேண்டும் என்று 2023இல் மற்றொரு வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. உங்கள் நிலைமையில் இந்தத் தீர்ப்புகள் வரை போக வேண்டிய தேவைகூட இல்லை. ஏனெனில் உங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது.

நம் ஊர்ப் பெண்கள் பலர் இ.எஸ்.ஐ. என்றால் மருந்து வாங்கும் இடம் என்று மட்டுமே நினைக்கிறார்கள். அது 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்ட காப்பீடு. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் அதில் சேர்க்கப்படுகிறார்கள். உங்கள் சம்பளத்திலிருந்து 0.75 விழுக்காடு, அதாவது மாதம் ஏறக்குறைய 124 ரூபாய் பிடிக்கப்படுகிறது. நிர்வாகம் தன் பங்காக 3.25 விழுக்காடு செலுத்த வேண்டும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரங்கள் முழு ஊதிய அளவில் மகப்பேற்றுப் பயன் கிடைக்கும். உங்கள் சம்பளத்துக்கு அது ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். இந்தப் பணத்தை ஆலையோ ஏஜென்சியோ தருவதில்லை, காப்பீட்டுக் கழகம் நேரடியாக உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. "ஆறு மாதம் சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்க முடியுமா?" என்று யாராவது கேட்டால், "கொடுப்பது நீங்கள் அல்ல, இ.எஸ்.ஐ." என்று தயங்காமல் சொல்லலாம்.

இதைப் பெறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இ.எஸ்.ஐ. கணக்கில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. உங்கள் மகப்பேற்றுக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாள்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக இடைவிடாமல் வேலை செய்யும் உங்களுக்கு இது தடையாக இருக்கக் கூடாது. ஆனாலும் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டுக் கழகத்துக்குப் பணம் கட்டாமல் விடும் ஏஜென்சிகள் இருக்கின்றன. உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு இ.எஸ்.ஐ. இணையதளத்திலோ கிளை அலுவலகத்திலோ பங்களிப்பு விவரத்தைப் பார்த்துவிடலாம். கட்டப்படவில்லை என்றால் ஏஜென்சியோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கான பங்களிப்பைச் செலுத்தும் முதற்பொறுப்பு ஆலை நிர்வாகத்துடையது. ஆண்டுக்கொரு முறை ஏஜென்சியின் பெயரை மாற்றி உங்களைப் புதிய ஆளாகக் காட்டியிருந்தாலும் கவலை வேண்டாம். இ.எஸ்.ஐ. எண்ணும் பி.எஃப்.இன் யு.ஏ.என். எண்ணும் மாறாமல் உங்களோடேயே வருபவை. ஒருவேளை ஒவ்வொரு முறையும் புதிய எண் கொடுத்திருந்தால், பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் இப்போதே அவற்றை ஒன்றாக இணைக்கச் சொல்லுங்கள்.

நின்றுகொண்டே வேலை செய்வது பற்றி எழுதியிருந்தீர்கள். எதிர்பார்க்கப்படும் பிரசவத் தேதிக்கு ஆறு வாரம் இருக்கும் வரையிலான ஒரு மாத காலத்தில், அதாவது பிரசவத்துக்குச் சுமார் பத்து வாரம் இருக்கும்போதிருந்து, நீண்ட நேரம் நிற்கும் வேலையோ கடினமான வேலையோ தரக் கூடாது என்று கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அதற்கு முன்பே கால் வீக்கமோ இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். இரவு ஷிப்ட்டுக்குப் பெண்ணின் ஒப்புதல் வேண்டும். கர்ப்ப காலத்தில் அந்த ஒப்புதலைத் தர மறுப்பதில் எந்தத் தவறும் இல்லை.

இதுவரை சொன்னவை ஓரளவு எளியவை. சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக நிற்கும் பகுதி இது. உங்கள் கடைசிக் கேள்விதான் கடினமானது. ஆறு மாதக் குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்விக்கு நம் நாட்டுச் சட்டமும் அரசும் இன்னும் முழுமையான விடை தரவில்லை என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

காலக்கணக்கைப் பாருங்கள். 26 வாரங்களில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். அப்படி எடுத்தால் குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்போதே விடுப்பு முடிந்துவிடும். முன்கூட்டி எடுக்காமல் உடல் தாங்கும் வரை வேலைக்குப் போனால் ஆறு மாதம் வரை கிடைக்கும். தமிழ்நாட்டில் அங்கன்வாடி குழந்தையை ஏற்றுக்கொள்வது இரண்டு வயதில். இடையில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இருக்கிறது. உழைக்கும் பெண்கள் நல்ல வேலையை இழப்பது பெரும்பாலும் இந்த ஒன்றரை ஆண்டில்தான். இரண்டு வயதுக்குப் பிறகும் அங்கன்வாடி காலையில் திறந்து பிற்பகலில் மூடிவிடுகிறது. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறும் தாய்க்கும், இரவு பத்து மணிக்கு மேல் இறங்கும் தாய்க்கும் அந்த நேரம் பொருந்துவதில்லை.

50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்பது 2017ஆம் ஆண்டின் திருத்தத்தில் வந்த விதி. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை பாலூட்டுவதற்கு நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. உங்கள் ஆலையில் காப்பகம் இருக்கிறதா என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். இருந்தாலும், ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓசூர் வரை ஆறு மாதக் குழந்தையை விடியற்காலைப் பேருந்தில் தூக்கிச் செல்ல எந்தத் தாய்க்கும் மனம் வராது என்பது எனக்குத் தெரியும். வீட்டிலிருக்கும் குழந்தைக்கு ஆலையின் பாலூட்டும் இடைவேளையால் பயன் இல்லை. பல நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம் என்று புதிய சட்டத் தொகுப்பு அனுமதிக்கிறது. தொழிலாளிகள் குடியிருக்கும் சூளகிரி, கெலமங்கலம், ராயக்கோட்டை போன்ற ஊர்களிலேயே, ஷிப்ட் நேரத்துக்கு ஏற்பத் திறந்திருக்கும் காப்பகங்களைச் சிப்காட் நிறுவனங்கள் சேர்ந்து நடத்த முடியும். நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தியா முழுவதிலும் ஆலைகளில் பணிபுரியும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்த உழைப்பின் மீது எழுந்துள்ள ஒரு மாநிலத்தில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இடம் தேடித் தாய் தனியாகத் தவிப்பது நியாயமே இல்லை.

இது நம் மாவட்டத்துக் கதை மட்டுமன்று. வளரும் நாடுகள் பலவற்றிலும் இதே நிலைதான். குழந்தை பிறந்ததும் பெண்கள் வேலைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நம்மைப் போன்ற நாடுகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. ஏழைக் குடும்பத்துப் பெண்ணால் உழைக்காமல் இருக்க முடியாது. அவள் பதிவேட்டில் பெயருள்ள வேலையை விட்டு, பெயரில்லாத வேலைக்கு இறங்குகிறாள். சிப்காட்டை விட்ட பெண் வீட்டில் அமர்ந்து கிலோக் கணக்கில் கூலிக்குப் புளியிலிருந்து கொட்டை எடுக்கிறாள், தக்காளி பறிக்கப் போகிறாள், பூக்கட்டுகிறாள். குழந்தை பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, அடுத்த பிரசவத்துக்கு ஊதியத்துடன் விடுப்பும் இல்லை. லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் இப்படியே தாய்மார்கள் முறைசாரா வேலைகளுக்கு நகர்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் 2017-18இல் 23.3 விழுக்காடாக இருந்து 2023-24இல் 41.7 விழுக்காடாக உயர்ந்ததாக அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு காட்டுகிறது. அந்த உயர்வில் பெரும்பங்கு சுயதொழிலும், குடும்ப நிலத்திலோ கடையிலோ கூலியில்லாமல் செய்யும் வேலையும்தான். ஆகவே பெண் வேலைக்குப் போகிறாளா என்று கேட்பது போதாது, எந்த வேலையில் நிலைக்கிறாள் என்று கேட்க வேண்டும். நீங்கள் வேலையை விட்டாலும் ஏதோ ஒரு வேலை செய்யத்தான் போகிறீர்கள், சகோதரி. மகளிர் குழுத் தவணை அதற்கு உங்களைத் தள்ளும். அந்த வேலை இப்போதைய வேலையைவிட மோசமானதாக இருக்கும் என்பதே என் அச்சம்.

நிறுவனங்கள் கர்ப்பிணியைக் கண்டதும் கதவைக் காட்டுவதற்கு அங்கே உள்ளவர்களின் மனப்போக்கு மட்டும் காரணமன்று; செலவை யார் ஏற்பது என்ற கேள்வியும் இருக்கிறது. மகப்பேற்றுக் காலச் செலவைப் பொதுநிதியோ காப்பீடோ ஏற்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919ஆம் ஆண்டின் உடன்படிக்கையிலேயே சொன்னது. தனியொரு முதலாளி மீது அந்தச் சுமையைப் போட்டால் அவர் பெண்களைச் சேர்க்கவே தயங்குவார் என்பது இதன் பின்னுள்ள காரணம். 1928இல் பம்பாய் சட்ட மன்றத்தில் மகப்பேற்றுப் பயன் மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், எனவே அதன் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். வியட்நாமில் ஆறு மாத விடுப்புக்கான தொகையைச் சமூகக் காப்பீட்டு நிதி தருகிறது. நம் நாட்டில் 2017இல் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியபோது, இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குவோரின் முழுச் செலவையும் நிர்வாகத்தின் தலையில் வைத்துவிட்டார்கள். நல்ல நோக்கத்தோடு செய்த அந்தத் திருத்தத்தின் குறை அது என்றே கருதுகிறேன். சிலி நாட்டில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்களை வேலைக்கு வைத்த நிறுவனங்கள் காப்பகச் செலவை ஏற்க வேண்டும் என்று விதித்ததால், புதிதாகச் சேரும் பெண்களின் தொடக்கச் சம்பளமே குறைந்துபோனது. நம் சட்டம் பெண்களை மட்டும் எண்ணாமல் மொத்தப் பணியாளர்களை எண்ணி 50 என்று வைத்திருப்பது அந்த வகையில் சரியான முடிவு. இதையெல்லாம் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. உங்கள் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் இருப்பதால், உலகம் நூறாண்டுகளாகப் பேசிவரும் அந்த நியாயமான ஏற்பாட்டுக்குள் நீங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள். ஒரு கையெழுத்தால் அதிலிருந்து வெளியேறிவிட வேண்டாம்.

உரிமை எந்த அளவுக்குச் சமமில்லாமல் கிடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஊழியப் பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு. உங்களுக்கு 26 வாரம். கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி. மூவருக்கும் உடம்பு ஒன்றுதான், பிரசவ வலியும் ஒன்றுதான். அரசு ஊழியருக்குக்கூட அந்த உரிமை எளிதில் கைக்கு வந்துவிடுவதில்லை. தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முந்தைய திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருப்பதைக் காரணம் காட்டி, மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. அவர் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 மே 23 அன்று, மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளின் பகுதி என்று கூறி நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நம் மண்ணிலிருந்து போன வழக்கு அது. இனி இந்த நாட்டில் மகப்பேறு விடுப்பு பற்றி நடக்கும் வழக்குகளில் அந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டப்படும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் அத்தை வேலை வேண்டாம் என்று சொல்வதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து கேளுங்கள். பல வீடுகளில், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை தன் தலையில் விழும், அதற்காகத் தான் போய்க்கொண்டிருக்கும் கூலி வேலையை விட வேண்டியிருக்கும் என்ற கவலைதான் "வேண்டாம்" என்ற சொல்லாக வெளிவருகிறது. அப்படியானால் அது நியாயமான கவலை. பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாசம் மட்டுமன்று, அதுவும் உழைப்பு. உங்கள் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு தொகையை அவர் கையில், அவர் பெயரில் உள்ள கணக்கில் கொடுப்பது என்று மூவரும் பேசி முடிவு செய்யுங்கள். அவருக்கு முடியாத நாள்களில் பார்த்துக்கொள்ள உங்கள் அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ உண்டா என்பதையும் இப்போதே பேசிவையுங்கள்.

உங்கள் கணவர் "உன் இஷ்டம்" என்று சொல்வது தடுக்காத மனம், அதற்கு மகிழ்ச்சி. ஆனால் அது மட்டும் போதாது என்பதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதில் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்களை மட்டும் எண்ணி வந்த கணக்கு அது. தனியார் துறையில் தந்தைக்கு விடுப்பு தரும் சட்டம் நம் நாட்டில் இல்லை. சொந்தமாக வண்டி ஓட்டுபவருக்கு யாரிடமும் விடுப்புக் கேட்க வேண்டியதில்லை என்பது உங்கள் குடும்பத்துக்கு ஒரு வசதி. தக்காளி லோடு பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் போகும். பகலில் அவர் வீட்டில் இருக்கும் நேரத்தை உங்கள் ஷிப்ட்டோடு பொருத்திப் பாருங்கள். குழந்தையைக் குளிப்பாட்டவும் கூழ் ஊட்டவும் ஆணுக்கும் முடியும்.

ஒரு வேளை எல்லா வழியும் அடைபட்டு, குழந்தைக்காக நீங்கள் சிறிது காலம் வேலையை விட்டே ஆக வேண்டிய நிலை வரலாம். அப்படி நேர்ந்தால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் அந்த முடிவை விடுப்பு முழுவதையும் அனுபவித்த பின், குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்களாக எடுங்கள். நான்காம் மாதத்தில், சூப்பர்வைசரின் மேசைக்கு முன் நின்றுகொண்டு எடுக்காதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கியிருப்பீர்கள். இல்லையென்றால் நாளையே வாங்குங்கள். அத்துடன் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் பதிவு செய்து, கர்ப்பத்தையும் எதிர்பார்க்கும் பிரசவத் தேதியையும் குறிப்பிடும் சான்று பெறுங்கள். பிரசவம் அரசு மருத்துவமனையில் பார்த்தாலும் இந்தச் சான்று தேவைப்படும். அடையாள அட்டை, வேலையில் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டுகள், வருகைப் பதிவு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு ஆகியவற்றின் படங்களைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் வேறோர் இடத்திலும் சேமியுங்கள். பிறகு ஏஜென்சிக்கும் ஆலை நிர்வாகத்துக்கும் ஒரே கடிதமாக, நீங்கள் கர்ப்பமாக இருப்பதையும், பிரசவத் தேதியையும், எந்தத் தேதியிலிருந்து மகப்பேறு விடுப்பில் செல்லப் போகிறீர்கள் என்பதையும், விடுப்பு முடிந்ததும் வேலைக்குத் திரும்புவீர்கள் என்பதையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், தபால் ரசீதே போதும். வாட்ஸ்அப்பில் அவர்கள் "ரிசைன் பண்ணு" என்று அனுப்பும் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

கடிதம் போன பிறகும் கேட்டில் அடையாள அட்டையை முடக்கினாலோ, லைனிலிருந்து எடுத்துத் தொந்தரவு தரும் வேலையில் போட்டாலோ, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஓசூர் அலுவலகத்திலும் தொழிலாளர் துறையிலும் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும்; 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். உங்களைப் போலவே அந்த லைனில் வேறு கர்ப்பிணிகள் இருந்தால், இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே நாளில் அவரவர் கடிதத்தைக் கொடுங்கள்.

விடுப்பில் இருக்கும்போது வேறெங்கும் கூலி வேலைக்குப் போகாதீர்கள். போனால் அந்த நாள்களுக்கான இ.எஸ்.ஐ. பயன் நின்றுவிடும். பிரசவத்துக்குப் பின் உடல்நிலை தேறாமல் மருத்துவர் சான்றளித்தால் மேலும் ஒரு மாதம் வரை கூடுதலாகப் பெறலாம். விடுப்பு முடியும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக, வேலைக்குத் திரும்பும் தேதியைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் அனுப்புங்கள். அன்று கேட்டில் உங்களை உள்ளே விடவில்லை என்றால், அன்றைய தேதியிட்டு அதையும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டு எனக்குத் தெரிவியுங்கள்.